காணி உறுதியும் கடன் துண்டும்

இலங்கைச் சரித்திரத்திலே 1840ஆம் ஆண்டு பெரும் போர் நிகழ்ந்த ஆண்டன்று. அரசு மாறிய ஆண்டுமன்று. பாடநூல்கள் அதனை ஓரிரு வரிகளில் கடந்து செல்வதே வழக்கம். ஆயினும் அந்த ஓராண்டிலே பிறந்த இரண்டு கட்டளைச்சட்டங்கள் இத்தீவின் மக்களை இருவகையினராகப் பிரித்துவிட்டன. ஒன்று ஏழாம் இலக்கச் சட்டம்; மற்றையது பன்னிரண்டாம் இலக்கச் சட்டம். முன்னதை நல்லூரில் வாழும் நாம், அதன் பெயரையும் அறியாமல், தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகின்றோம். பின்னதைப் பற்றி நாம் பேசுவதே அரிது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தபோது எழுந்த சில எண்ணங்களை ஈண்டு வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஏழாம் இலக்கச் சட்டம் மோசடியைத் தடுக்கும் பொருட்டு எழுந்தது. காணியை விற்பதாயினும், கொடுப்பதாயினும், ஈடு வைப்பதாயினும், அது எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்பது அதன் சாரம். இன்றும் அது நடைமுறையில் உள்ளது. யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பத்திரத்துக்கு நம்மவர் இட்ட பெயரே ‘உறுதி’ அன்றோ? பரப்பும் குழியும் கணக்கிட்டு, நான்கு எல்லைகளும் குறித்து, வீடு, கிணற்றில் பங்கு, பனை, வடலி, வழிவாய்க்கால் என்று ஒன்றும் விடாமல் எழுதி, மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் அந்தத் தாளை நம் பாட்டிமார் பெட்டகத்தின் அடியிலே, பிள்ளைகளின் சாதகங்களோடு சேர்த்துப் பேணினர். ஒரு முழ வேலிக்காக இரண்டு தலைமுறை வழக்காடியவர்களும் நம்மிடையே உண்டு. அதை நகைப்பதற்கு முன், தன் பெயரில் ஒரு பிடி மண்ணாவது இருக்கவேண்டும் என்ற ஆவல் எத்துணை ஆழமானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் இப்பழக்கம் ஆங்கிலேயரோடு வந்ததன்று. போர்த்துக்கேயர் காலத்திலும், அவர்க்குப் பின் ஒல்லாந்தர் காலத்திலும், குடாநாட்டுக் காணிகளுக்குத் தோம்பு எழுதப்பட்டது. இன்னாருக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு இறை என்று ஊர்வாரியாகப் பதிந்த ஏடு அது. இறை தண்டுவதற்காகவே அந்நியர் அதனை எழுதினர் என்பது உண்மை. எனினும் குடிமகனுக்கு அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. பின்னொரு நாள் வேறோர் அரசு வந்து ‘இது யார் நிலம்?’ என்று கேட்டபோது, காட்டுவதற்கு அவனிடம் ஓர் எழுத்து இருந்தது.

கண்டி நாட்டிலே அவ்வாறு தோம்பு எழுதப்படவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் இலக்கச் சட்டத்தை நோக்குவோம். முடிக்குரிய காணிகளில் அத்துமீறிப் புகுவதைத் தடுப்பதே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. காடாகவும், தரிசாகவும், ஆட்சியின்றியும், பயிரின்றியும் கிடக்கும் நிலம் அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியது என்றே கொள்ளப்படும் என அது விதித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடப்படும் சேனை நிலங்களைப் பற்றியோ விதி இன்னும் கடியது. கண்டி மாகாணங்களில் அத்தகைய நிலத்தை உரிமை கோருபவன், அரசர் அளித்த சன்னஸ் முதலிய சாசனத்தையேனும், வழக்கமான இறை செலுத்தியதற்கான சான்றையேனும் காட்டவேண்டும். அப்பகுதியில் முன்னர் தோம்பு இருந்ததில்லை என்பதை அந்தச் சட்டமே தன் வாயால் ஒப்புக்கொள்கிறது. எழுத்து இல்லை என்று அறிந்துகொண்டே எழுத்தைக் கேட்ட சட்டம் அது.

ஏன் இந்த அவசரம்? அதற்கு விடை கோப்பி. மேற்கிந்தியத் தீவுகளில் 1834இல் அடிமை முறை ஒழிந்தபின் அங்கே கோப்பி விளைவு குன்றியது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் சுங்கவரி சமமாயிற்று. மலைச்சரிவுகளில் பொன் விளையும் என்ற நம்பிக்கை எழுந்தது. 1839இல் அரசு விற்ற காணி 10,000 ஏக்கருக்கும் குறைவு. 1841இல் அது 78,000 ஏக்கரைத் தாண்டியது. ஏக்கர் ஒன்றுக்கு ஆரம்ப விலை 5 ஷில்லிங் மட்டுமே. ஒரு பவுண் கொடுத்தவனுக்கு நான்கு ஏக்கர் மலை கிடைத்தது! வாங்கியோர் யாவர்? தேசாதிபதி ஸ்டுவேட் மக்கென்சி முதலாக, நீதியும் நிர்வாகமும் தம் கையில் வைத்திருந்த அதிகாரிகள் பலர் அவ்வரிசையில் நின்றனர். எந்த நிலம் முடிக்குரியது என்று தீர்மானித்தவர்களே அந்நிலத்தை வாங்கவும் செய்தனர். 1844இல் ஆரம்ப விலை ஒரு பவுணாக உயர்ந்தபோது நல்ல நிலங்களுட் பல கைமாறிவிட்டன.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றக் காரியதரிசியாக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தம் நூலிலே இந்தக் காணி வேட்கையைக் கலிபோர்ணியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பொன் தேடி ஓடியவர்களின் வேட்கையோடு ஒப்பிட்டார். கலிபோர்ணியாவில் 1848இலும், அவுஸ்திரேலியாவில் 1851இலும் பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி உலகெங்கணும் ஆயிரக்கணக்கானோரை வீடு வாசல் துறந்து ஓடச் செய்ததை மாணவர் அறிவர். டெனன்ற் ஒரு வேறுபாட்டையும் சுட்டினார். அங்கே சென்றவர்கள் மண்ணிலிருந்து பொன்னை எடுக்கச் சென்றனர். இலங்கைக்கு வந்தவர்களோ தம் பொன்னை மண்ணிற் புதைக்க வந்தனர் என்பது அவர் கருத்து. 1847இல் கோப்பி விலை வீழ்ந்தபோது பல துரைமார் கடனாளிகளாகியது அவர் சொல்லை மெய்ப்பித்தது. எனினும் அவர் சொல்லாது விட்ட வேறுபாடு ஒன்று உண்டென நாம் எண்ணுகின்றோம். பொன் வயல்களிலே மண்வெட்டியைப் பிடித்தவனே தன் பெயரில் உரிமைச்சீட்டுப் பெற இயன்றது. மலைநாட்டிலே பத்திரத்தைப் பெற்றவன் ஒருவன். மண்வெட்டியைப் பிடித்தவன் வேறொருவன்.

பத்திரம் பெற்றவர்கள் பெரும்பாலும் ஸ்கொத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள். தம் ஊர் நினைவை மலைகளுக்குச் சூட்டினர். டன்சினேன், ஹோலிரூட், பல்மோரல் என்னும் தோட்டப் பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த கண்டிக் கிராமத்தவரின் மனக்குமுறலும், 1848இல் விதிக்கப்பட்ட புதிய வரிகளும் சேர்ந்து அவ்வாண்டு மாத்தளையில் கிளர்ச்சியாக வெடித்தன. பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பத்திரமில்லாமையின் முதற் பலியானவர்கள் சிங்களக் குடியானவர்கள் என்பதைத் தமிழராகிய நாம் மறத்தலாகாது.

மண்வெட்டி பிடித்தவர்கள் தமிழர். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டுக் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழி. நிழலும் நீரும் அரிதான அப்பாதையிலே பேதி நோயும் பசியும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. கோப்பிக் காலத்தில் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டு அப்பயிர் அழியத் தொடங்கியபின் மலையைத் தேயிலை மூடியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலின் ஆண்டு முழுவதும் கை வேண்டும். வந்துபோனவர்கள் குடியேறிகளாயினர். காடு வெட்டியவர்களும், பாதை போட்டவர்களும், தம் பிள்ளைகளை அங்கேயே பெற்று அங்கேயே புதைத்தவர்களும் அவர்களே.

அவர்களுக்கும் ஒரு பத்திரம் கொடுக்கப்பட்டது. அதன் பெயர் ‘துண்டு’. இவன் இன்ன தோட்டத்துத் தொழிலாளி; இவனுக்கு இவ்வளவு கடன் உண்டு; அதனைச் செலுத்துபவர் இவனை அழைத்துக்கொள்ளலாம் என்பதே அச்சீட்டின் பொருள். ஊரிலிருந்து வந்த வழிச்செலவும், கங்காணி கொடுத்த முற்பணமும், அரிசிக் கணக்கும் சேர்ந்து வளர்ந்த கடன் அது. துண்டு கிடைத்தாலன்றி வேறு தோட்டத்தில் வேலை இல்லை. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டினால், அக்கடன் புதிய தோட்டத்தின் பெயருக்கு மாறுமேயன்றித் தீராது. உறுதியைத் தாளில் எழுதினால் அது மனிதனுக்கு நிலத்தைக் கொடுக்கிறது. துண்டைத் தாளில் எழுதினால் அது நிலத்துக்கு மனிதனைக் கொடுக்கிறது. இரண்டிலும் மை ஒன்றே. கையொப்பம் இட்டவன்தான் வேறு.

இந்தக் கதையிலே யாழ்ப்பாணத்துக்குப் பங்கில்லை என்று கருதலாகாது. ஆங்கிலம் கற்ற நம்மவர் பலர் தோட்டங்களில் எழுதுவினைஞராகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் உத்தியோகம் பார்த்தனர். கோப்பித் தோட்டத்தைப் பாடிய முற்காலத் தமிழ் நூல்களுள் ஒன்றான ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சேறியது. அதனை இயற்றிய ஆபிரகாம் யோசேப்பு தோட்ட உத்தியோகத்தர். தொழிலாளியின் கடனைப் பேரேட்டில் எழுதிய கைகளுள் எங்கள் கைகளும் இருந்தன என்று சொல்வதில் வெட்கப்படுவதைவிட, அதனைத் தெரிந்துகொள்வதே பயனுடைத்து. அக்கடன் சீட்டைக் கிழிக்க முயன்ற கையும் நம்மிடையிலிருந்து எழுந்தது. மானிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட சேர் பொன்னம்பலம் அருணாசலம் பதிவாளர் நாயகமாக இருந்து, நாட்டின் காணிப் பதிவுகளைச் சீர்திருத்தியவர். உறுதியின் பெருமையை அவரைப்போல் அறிந்தவர் வேறு யார்? அவரே 1919இல் பெரி சுந்தரத்தின் துணையோடு தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்து, வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையில் இடும் சட்டத்தை எதிர்த்துப் போராடினார். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

துண்டு ஒழிந்தது, ஆனால் ‘நிரூபி’ என்ற சொல் ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இங்கே பிறந்த ஒருவர் வம்சாவழியாற் குடியுரிமை பெறவேண்டுமாயின், அவருடைய தந்தை இங்கு பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் இங்கு பிறந்திருக்கவேண்டும். லயத்திலே மருத்துவிச்சியின் கையிற் பிறந்தவனுக்குத் தன் பாட்டனின் பிறப்புப் பதிவு எங்கே கிடைக்கும்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1840இல் காட்டைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை 1948இல் மனிதனைப் பற்றிக் கேட்டனர். இப்பிரச்சினையை முன்னிட்டே தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்று, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரிக்கப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல்தான்.

மலைநாட்டுக் காணியின் பத்திரமும் இதற்கிடையில் ஒரு வட்டம் சுற்றி வந்துவிட்டது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றை நடத்தும் பொறுப்பு தனியார் கொம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. முடிக்குரியதென எடுக்கப்பட்ட நிலம் துரைமாரிடம் போய், கொம்பனிகளிடம் போய், மீண்டும் அரசிடம் வந்து சேர்ந்தது. இத்தனை கைமாற்றங்களிலும், வெட்டிய கைக்கு அது ஒருமுறையேனும் எழுதப்படவில்லை.

பத்திரத்தின் அருமையை நாம் நூலிற் படித்து அறிந்தவரல்லோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது எமக்கு வயது பதினைந்து. செம்மணி வழியே மழையில் நனைந்தபடி நகர்ந்த அந்தக் கூட்டத்தில் எம் தாயார் தலையிற் சுமந்தது அரிசியும் உடுப்பும். மார்போடு அணைத்துச் சென்றது பொலிதீனிற் சுற்றிய உறுதிக் கட்டை. வீடு இருக்குமோ இராதோ, திரும்புவோமோ மாட்டோமோ என்று தெரியாத வேளையிலும் அந்தக் கட்டை அவர் நனையவிடவில்லை. அவ்விரவில் அவ்வாறு சென்ற தாய்மார் எத்தனையோ ஆயிரவர். பின்னாளில், 2013இல், வலிகாமம் வடக்கிலே காணிகளைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தபோது, உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கில் நீதிமன்றத்தை நாட முடிந்ததும் கையில் உறுதி இருந்தமையாலேயே.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே 1840ஆம் ஆண்டுச் சட்டங்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ‘மாறாக நிரூபிக்கப்படும் வரையில்’ என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் பொருளைக் கேட்டோம். பலரும் நன்றாகவே விளக்கினர். கிளிநொச்சியிலிருந்து வந்து நல்லூரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் மட்டும் விளக்கம் சொல்லவில்லை, செய்தி சொன்னான். “எங்கட காணிக்கு உறுதி இல்லை, சேர். காடு வெட்டினது எங்கட தாத்தா.” 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவனுடையது. பாட்டனார் கண்டியிலும் காடு வெட்டியவர். வன்னியிலும் காடு வெட்டியவர். இரண்டிடத்திலும் பயிர் விளைந்தது. இரண்டிடத்திலும் பத்திரம் விளையவில்லை. போர் முடிந்தபின் வீடமைப்பு உதவி வந்தபோது காணிப் பத்திரம் கேட்கப்பட்டதென்றும், அதனால் தங்கள் பெயர் பட்டியலின் அடிக்குப் போயிற்றென்றும் அவன் கூறினான். அவனுடைய குரலில் கோபமில்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோற் சொன்னான். வகுப்பு முழுவதும் சற்று நேரம் அமைதியாயிற்று. அன்று நாம் நடத்திய பாடத்தைவிட அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களையே மாணவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

பத்திரம் உடையோம் என்ற இறுமாப்பும் நமக்கு வேண்டியதில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலொன்று வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலத்தைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமையை நிலைநாட்டாவிடின் அது அரச காணியெனத் தீர்மானிக்கப்படும் என்றது. போரில் உறுதிகளை இழந்தவர்களும், கடல் கடந்து வாழ்பவர்களும், இறந்தோர் பெயரிலேயே காணி கிடக்கும் குடும்பத்தவரும் திகைத்துப் போயினர். எதிர்ப்பு எழுந்தது; உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது; அரசும் அதனைக் கைவிட்டது. ஆயினும் அந்த மூன்று மாதமும் வடபுலத்தார் அனுபவித்த கலக்கம், 1840இல் கண்டிக் குடியானவன் அனுபவித்த அதே கலக்கம். 1948இல் மலையகத் தமிழன் அனுபவித்த அதே கலக்கம். உடையவன் நிரூபிக்க வேண்டும் என்ற விதி, எழுத்துடையவனுக்கு வேலி, எழுத்தில்லாதவனுக்குப் பொறி. வேலியின் உட்புறம் நிற்கிறோமா வெளிப்புறம் நிற்கிறோமா என்பது காலத்தின் ஒரு புரட்டலில் மாறிவிடும்.

மலையகத்திலே 2015ஆம் ஆண்டிற்குப் பின் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் கொடுக்கும் திட்டம் எழுந்தது. வீடுகள் சில ஆயிரம் எழுந்துள்ளன. இன்னும் மிகப் பலர் லயங்களிலேயே வாழ்கின்றனர். 7 பேர்ச் என்றால் எவ்வளவு? நம் கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச். இருநூறு ஆண்டு உழைத்த சமூகம் கேட்டுநிற்பது ஒரு பரப்புக்கும் குறைந்த நிலம்! 2023 யூலை இறுதியில் அவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் வந்த அதே பாதையில், நடந்து சென்றனர். முன்னோர் வேலை தேடி நடந்தனர். பேரர் உரிமை கேட்டு நடந்தனர்.

நாம் என் செய்யலாம் என்று மாணவர் கேட்பர். சட்டத்தை மாற்றும் ஆற்றல் நம் கையில் இல்லை. ஆனால் எழுத்து நம் கையில் உண்டு. நொத்தாரிசுமாரும், சட்டம் பயில்வோரும், ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் யாழ்ப்பாணத்தில் குறைவின்றி உள்ளனர். வன்னியிலே உத்தரவுப் பத்திரமின்றி வாழும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதவும், பழைய வரிப் பற்றுச்சீட்டுகளையும் பள்ளிக்கூடப் பதிவுகளையும் சாட்சியமாகத் திரட்டவும், கச்சேரிப் படியேறும்போது உடன் செல்லவும் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது பெருங்கொடை அன்று. அன்று தோட்டத்துப் பேரேட்டிலே கடன் எழுதிய ஊரின் கைகள், இன்று ஓர் ஏழையின் காணிக்கு எல்லை எழுதட்டும்.